புளித்தண்ணி குடித்த ஹார்ன்

அளவற்ற அருளாளனின் பெயரால் ஆரம்பிக்கிறேன். நல்லதைச் சொல்லப் போகிறவன்தான் அப்படி ஆரம்பிக்க வேண்டும் என்றில்லை, திட்டப் போகிறவனும் ஆரம்பிக்கலாம். வாய் அளவு மீறாமல் இருக்கவாவது அது உதவும்.

பேண்டு வாத்தியம் ரிப்பேர் பார்க்கப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் பாய் என்று நம் சங்கத்து மலருக்காகக் கேட்டார்கள். எந்த ஈயம், எவ்வளவு சூடு, எப்படி ஒடுக்கு எடுப்பது என்று எழுதுவேன் என நினைத்திருப்பார்கள். அதையெல்லாம் உங்கள் கைப்பேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டுகிறார். என்னைவிட நன்றாகவே காட்டுகிறார். எப்போது செய்யக் கூடாது என்பதை மட்டும் அவர் காட்டுவதில்லை. அதை நான் சொல்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் மலர் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். ஏச்சைத் திருத்த வேண்டாம்.

இப்போது நம் ஊர் பேண்டுக்காரர்களுக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது. யாரைப் பார்த்தாலும் ‘மவுத் பைப் மாத்தணும் பாய்’ என்கிறார்கள். ஊதுகிறவர் மூச்சு முதன்முதலில் நுழைகிற குழாய் அது. உதட்டில் வைத்து ஊதுகிற மவுத்பீஸ் செருகுகிற இடத்திலிருந்து முதல் வளைவு வரைக்கும் வரும். வீட்டுக்கு வாசல் மாதிரி. வாசல் கோணலாக இருந்தால் வீட்டுக்குள் போவது சிரமம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கெல்லாம் வாசற்காலை மாற்றச் சொல்கிறவனை என்னவென்று சொல்வது? வாரக்கணக்கில் வாத்தியத்தைத் தொடாதவனுக்கும் பைப் மாற்ற வேண்டும். முன்பல் ஆடுகிறவனுக்கும் பைப் மாற்ற வேண்டும். பரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காமல் ஊதுகிறவனுக்கும், தம்பி, பைப்தான் மாற்ற வேண்டும். அவன் வியாதியாவது சொல்லிவிட்டு வருகிறது. கேட்டவுடன் அடுப்பைப் பற்றவைக்கிற உங்கள் வியாதிதான் எனக்கு அதைவிட எரிச்சல்.

நான் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற கடையில் தொழில் படித்தவன். என் உஸ்தாது ஒரு பாத்திரம் வந்தால் முதலில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வருவார். கொண்டு வந்தவர் பொறுமையிழந்து அவசரம், கல்யாண வீடு என்று கத்துவார். இவர் சுற்றிக்கொண்டே இருப்பார். ஏன் என்று கேட்டதற்கு ஒரு தடவை சொன்னார்: “கை அரிக்கும்டா. கை அரிக்கிறப்ப கண்ணு வேல செய்யாது.” அவர் பேரை எழுதவில்லை. அல்லாஹ்வுக்குத் தெரியும், அது போதும். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் நான் கடைசி வரைக்கும் விடவில்லை. அதனால் தப்பித்த கதை ஒன்றைச் சொல்கிறேன். அதில் தப்பித்தது நான் இல்லை, ஒரு பெண்பிள்ளை.

ஸ்டெல்லா என்று பேர். கந்தர்வக்கோட்டைப் பக்கம். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். அண்ணன் சவூதியில் ஏசி மெக்கானிக். மாதா கோயில் பேண்டில் ஆள் பற்றாக்குறை வந்தபோது யாரும் தொடாத பிரெஞ்சு ஹார்னை இந்தப் பிள்ளை கையில் கொடுத்திருக்கிறார்கள். பார்த்திருப்பீர்கள், ஜிலேபி மாதிரி சுருண்டு கிடக்கும், பின்னால் பெரிய புனல் இருக்கும், புனலுக்குள் ஒரு கையை விட்டுக்கொண்டு ஊத வேண்டும். நம் பக்கத்தில் அதை ஊதுகிறவர்கள் அபூர்வம். இவள் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்ட பிறகு அந்தப் பகுதியில் பேண்டு செட் நடத்துகிற ஒரு மாஸ்டர், கோயிலுக்கு அந்த ஹார்னை இரவல் கொடுத்திருந்த முதலாளி அவர்தான், இவளைத் தன் செட்டில் சேர்த்துக்கொண்டார். கல்யாணம், தேர்பவனி, பள்ளிக்கூட விழா எல்லாவற்றுக்கும் போவாள்.

வெளியூரில் ஒரு பெரிய சீருடைப் பேண்டில் பெண்களுக்கென்று தனிப் பிரிவு ஆரம்பிக்கிறார்கள், ஹார்ன் ஊத ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. நிரந்தர வேலை. வாத்தியம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். வயது வரம்பைப் பார்த்தால் அவளுக்கு அதுதான் முதல் வாய்ப்பு, அதுவே கடைசியும். விட்டால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்திரி உடைக்க வேண்டியதுதான்.

கோளாறு என்னவென்றால், நடுவிலிருந்து மேலே ஏறுகிற இடத்தில் ஹார்ன் சறுக்கியது. பிடித்த சுரம் நிற்காது, நடுங்கும், சில நேரம் அடைத்துக்கொள்ளும். மாஸ்டர் அதற்குக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். பொம்பளப் பிள்ளை, மூச்சு பத்தவில்லை. செட்டில் உள்ள அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். டிரம் அடிக்கிறவன்கூடச் சொன்னானாம். மூச்சுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. இதையே கேட்டுக் கேட்டு அவளும் பாதி நம்பிவிட்டாள். மீதிப் பாதி நம்பாத மனசோடு அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவன் இணையத்தில் தேடி, ஜெர்மன் பைப் என்று ஒன்றை வாங்கி, ஊருக்கு வருகிற யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டான்.

புதுக்கோட்டையில் என் வீட்டை ஒட்டித்தான் பட்டறை. ஸ்கூட்டியில் காலுக்கு நடுவே ஹார்ன் பெட்டியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். பைப்பை எடுத்து நீட்டினாள். அழகான சாமான், பொய் சொல்லக் கூடாது. தங்க நிறம், ஒரு கீறல் இல்லை.

“இத மாத்தி விட்ருங்க பாய். அடுத்த வாரம் செலக்‌ஷன்” என்றாள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“என்ன பாய், ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போற ஆளு மாதிரி நிக்கிறீங்க?”

“ஊதும்மா, கேப்போம்.”

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஆயுசு முழுக்க ஊதுகிற வாத்தியங்களோடு கிடந்தும் எனக்கு ஒரு பாட்டு ஊதத் தெரியாது. காற்று எங்கே போகிறது, எங்கே ஒழுகுகிறது என்பது தெரியும், அவ்வளவுதான். பள்ளிவாசலில் ஒன்றிரண்டு பேர், மார்க்கத்தில் இந்தத் தொழில் ஆகுமா பாய் என்று கேட்பார்கள். அதற்கு நான் என்னைப் படைத்த ரப்பிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வாங்குகிற வட்டிக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்பேன். அதற்குப் பிறகு கேட்க மாட்டார்கள். ஆக, சுரம் சரியா தப்பா என்பதற்கு நான் எப்போதும் இன்னொரு காதை நம்பி இருக்கிறவன். அந்தக் காது என் வீட்டுக்காரிக்கு இருக்கிறது. அடுப்படியில் இருந்தபடியே பட்டறைச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, எந்த டிரம்பெட்டுக்கு வால்வு இறுகியிருக்கிறது என்று பார்க்காமலே சொல்வாள். அவளிடம் நான் கேட்பதில்லை. கேட்காமலே சொல்லிவிடுவாள்.

ஸ்டெல்லா ஊதினாள். ஏறினாள், சறுக்கினாள், நிறுத்தினாள். கட்டுமாவடி நெத்திலியை உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: “அந்தப் புள்ளைக்கு மூச்சு நல்லாத்தாங்க இருக்கு. குழாய்க்குத்தான் இழுப்பு.”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவள் மூச்சை நல்லது என்று சொன்ன முதல் ஆள், மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பொம்பளை.

நான் ஹார்னைச் சுற்றி வந்தேன். வெளியே குறை சொல்ல இடமில்லை, முகம் பார்க்கலாம். மவுத் பைப்பின் அடிப்பக்கம், இடது கை மறைக்கிற இடத்தில், அம்மைத் தழும்பு மாதிரி ரோஸ் நிறப் புள்ளிகள். பித்தளையில் ரோஸ் நிறம் வந்தால் சிரிக்காதீர்கள். அது உள்ளேயிருந்து வருவது.

இதை எப்படித் துலக்குகிறீர்கள் என்று கேட்டேன். அவள் பெருமையாகவே சொன்னாள். ஒவ்வொரு திருவிழாவுக்கு முந்தியும் மாஸ்டர் ஒரு அண்டாவில் புளியும் உப்பும் கரைத்து, எல்லா வாத்தியத்தையும் முக்கி ஊறப் போட்டுவிடுவாராம். காலையில் எடுத்தால் தங்கம் மாதிரி இருக்குமாம். மற்ற செட்டுக்காரர்கள் பொறாமைப்படுவார்களாம்.

நான் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, கைதான் பின்னால் கட்டியிருந்ததே.

புளி போட்டு விளக்குத் துலக்குவது நம் எல்லார் வீட்டிலும் உண்டு. என் வீட்டிலும் குவளைகளை அப்படித்தான் துலக்குகிறோம். ஆனால் குத்துவிளக்கு மூச்சு விடுவதில்லை. அதற்கு உள்பக்கம் என்று ஒன்று இல்லை. துலக்கினால் உடனே கழுவித் துடைத்தும் விடுகிறோம். ஹார்னுக்குள் போன புளித்தண்ணி வளைவில் தங்கிவிடும். அதோடு எச்சிலும் சேர்ந்து, பித்தளையில் கலந்திருக்கிற துத்தநாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். செம்பு மட்டும் கூடாக நிற்கும். வெளியே பார்த்தால் தங்கம், உள்ளே நனைந்த பிஸ்கட். இந்த மாஸ்டர் மாதிரி நம் ஜில்லாவில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வாத்தியத்தைக் கண்ணால் கேட்கிறவர்கள்.

ஹார்ன் அவருடையது, அதனால் போன் போட்டுக் கேட்டேன். தாராளமாக மாத்துங்க பாய் என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

“மினுக்கம் மட்டும் கொறையப் புடாது. இப்பல்லாம் டிரோன் விட்டுப் படம் எடுக்குறாங்க. மேலேருந்து பாத்தா நம்ம செட்டு பளபளன்னு தெரியணும்.”

டிரோனுக்கும் மேலே ஒருவன் இருந்து பார்க்கிறான், அவன் உள்ளேயும் பார்ப்பான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சரிங்க என்று வைத்துவிட்டேன்.

இனிதான் கவனிக்க வேண்டும் நீங்கள். அண்ணன் அனுப்பிய பைப்பை அளவு பார்த்தேன். மவுத்பீஸ் பக்கம் அருமையாக உட்கார்ந்தது. மறுமுனை, இந்த ஹார்னின் வளைவோடு சேருகிற இடத்தில், ஒரு நூல் ஒல்லி. வெளியே வளையம் போட்டு மறைத்துவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் உள்ளே மூச்சு போகிற பாதையில் ஒரு படி நிற்கும். வேறு ஜாதி ஹார்னுக்குச் செய்த பைப் அது. ஜெர்மன் என்று பேர் போட்டிருந்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி பொருந்துமா?

அந்த நேரத்தில் உங்களில் முக்கால்வாசிப் பேர் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒல்லியான இடத்தை ஈயம் வைத்து நிரப்பி, வளையம் போட்டு, பாலிஷ் போட்டு, கையில் கொடுத்துவிடுவீர்கள். பிள்ளை சந்தோஷப்படும். அண்ணன் சந்தோஷப்படுவான். மாஸ்டரின் டிரோன்கூடச் சந்தோஷப்படும். செலக்‌ஷனில் தோற்றால்? மூச்சு பத்தவில்லை என்று சொல்ல ஒரு ஊரே தயாராக இருக்கிறது. ரிப்பேர்காரன்மேல் பழி வரவே வராது. பழி வராது என்று தெரிந்த வேலையில்தான் தம்பி, ஆள் யார் என்று தெரியும்.

பழைய பைப்பைக் கழற்றுவதும் விளையாட்டில்லை. உள்ளே மக்கிப்போனது, சூடு காட்டினால் உதிரும். கழற்றினால் திரும்ப வைக்க வழியில்லை. வைப்பதற்குச் சரியான ஒன்று கையில் இல்லாமல் கழற்றினால், அந்தப் பிள்ளை சறுக்குகிற ஹார்னும் இல்லாமல் நிற்கும். மாற்றாமல் விட்டாலும் வினை, மாற்றினாலும் வினை. மதியத் தொழுகைக்கு, லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். ஊதுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவளுக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுத் தொழப் போனேன். தொழுகையில் நின்றபோதும் பைப்தான் கண்ணில் நின்றது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும். துஆவில் வெட்கத்தை விட்டு அதையே கேட்டேன். யா அல்லாஹ், அந்தப் பிள்ளையின் ரிஸ்கு, அவள் பிழைப்பு, எந்தக் குழாயில் இருக்கிறதோ அதை எனக்குக் காட்டு.

திரும்பி வரும்போது ஞாபகம் வந்தது. லாரி ஏறி நசுங்கிப்போன ஒரு பழைய ஹார்ன் என் பட்டறைப் பரணில் கிடந்தது. கிட்டத்தட்ட இதே ஜாதி. வயிறெல்லாம் சப்பை, ஆனால் மவுத் பைப் தப்பித்திருந்தது. பச்சை படிந்து, ஒரு இடத்தில் சின்ன ஒடுக்கோடு. அதைக் கழற்றி, கொதிதண்ணி விட்டுக் கழுவினேன். ஈயம் வைக்கவில்லை. ஹார்னில் இருந்த பழைய பைப்பைத் தொடவும் இல்லை. அதன்மேலேயே இரண்டு பைப்பையும் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து நூலால் கட்டி, வளைவை உருவி அதோடு சேர்த்து, சேர்ந்த இடத்தில் தேன்மெழுகு அப்பிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். காற்று பழைய பைப்பை விட்டுவிட்டு, கட்டிய பைப் வழியாகப் போகும். பிடிக்கவில்லை என்றால் நூலை அறுத்தால் தீர்ந்தது. பொண்ணு பார்க்கப் போகாமல் தாலி கட்டுகிறவன் நம் தொழிலில் மட்டும்தான் இருக்கிறான்.

முதலில் அண்ணன் பைப்பைக் கட்டிக் கொடுத்தேன். அவள் ஊதினாள். முகம் மலர்ந்துவிட்டது. “சூப்பரா இருக்கு பாய்” என்றாள். அவள் காது அண்ணன் பக்கம் சாய்ந்திருந்தது, அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரி சொன்னாள்: “சத்தம் நல்லா கணீர்னு இருக்கு. ஆனா ரெண்டு எடத்துல படியில தடுக்கிட்டுத் தடுக்கிட்டு எந்திரிக்குது.”

உள்ளே இருப்பவளுக்கு நான் எந்தப் பைப்பைக் கட்டினேன் என்றும் தெரியாது, அதற்குள் படி இருக்கிறது என்றும் தெரியாது.

அடுத்ததாகப் பரணில் கிடந்த பைப். ஸ்டெல்லா அதை வாயில் வைக்கவே யோசித்தாள். துருப்பிடித்த குழாயடிப் பைப் மாதிரி இருக்கு பாய் என்றாள். செலக்‌ஷனில் ஊதப் போகிற பாட்டையே மெதுவாக ஊதச் சொன்னேன். ஊதினாள். நடுவிலிருந்து ஏறினாள். ஏறி, நின்றாள். நின்ற இடத்தில் சுரமும் நின்றது.

 கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரி மீன் கையோடு நிலைப்படியில் வந்து நின்றாள். “இப்ப ஊதுனது யாரு?” என்றாள்.

“நாந்தாம்மா” என்றாள் ஸ்டெல்லா.

“நல்லா இருக்கு. ஆனா மேல போறப்ப ஏன் ஓடுற? பஸ்ஸு போயிருமோன்னு ஓடுற மாதிரி ஓடுற. அது குழா இல்ல, நீயி.”

அதுவும் உண்மைதான். பைப் அவளுக்கு வாசலைத் திறக்கும், நடந்து போக வேண்டியது அவள்.

முடிவு ஆகிவிட்டது. ஆனாலும் அவள் கண் அண்ணன் அனுப்பிய பைப்பிலேயே இருந்தது. அந்த வெயிலில் மாடி மாடியாக ஏசி மாட்டி, அதில் மிச்சம் பிடித்து வாங்கியது. “அண்ணன் கேட்டா என்ன பாய் சொல்றது? போட்டாச்சுன்னு சொல்லிரவா?”

“பொய் சொல்லச் சொல்ல மாட்டேன்மா. செலக்‌ஷனுக்கு அது எங்கூடத்தான் வருதுன்னு சொல்லு” என்று, அதைத் துணியில் சுற்றி ஹார்ன் பெட்டிக்குள் வைத்தேன். “இப்ப சொன்னா உண்மை.”

அவள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன். பழைய பைப் நான் நினைத்த மாதிரியே சூடு பட்டதும் கையோடு வந்தது, வரும்போதே உடைந்தது. அதை நீளவாக்கில் பிளந்து அவளிடம் கொடுத்தேன். உள்ளே முழுக்க செக்கச்செவேல் என்று, புற்றுமண் மாதிரி பொக்கும் பொடியுமாக இருந்தது. அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். 

“அப்ப எனக்கு மூச்சு இருந்திருக்கு” என்றாள்.

தம்பிகளா, இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த கூலி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பரணில் கிடந்த பைப்பை ஈயம் வைத்துப் பொருத்தி, அதன் பச்சையை மட்டும் எடுத்தேன். ஒடுக்கை எடுக்கவில்லை, அது மூச்சைத் தடுக்கவில்லை. மினுக்கம் ஏற்றவில்லை. அந்தப் பழைய தகட்டைத் தேய்த்தால் இன்னும் மெலியும். ஹார்ன் முழுக்கத் தங்கமும் வாயில் மட்டும் ஒரு கறுப்புக் குழாயுமாக, மாப்பிள்ளைக்குப் பட்டுச் சட்டை போட்டு ஓட்டைச் செருப்பு மாட்டிய மாதிரிதான் இருந்தது. புளித்தண்ணியில் போடவே கூடாது என்று அவளிடமும் சொன்னேன், மாஸ்டரிடமும் போனில் சொன்னேன். சரி பாய், சரி பாய் என்றார். இரண்டு தடவை சரி என்று சொல்கிறவனை நம்பக் கூடாது.

செலக்‌ஷனுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாஸ்டர் அவள் வீட்டுக்கே போயிருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். கறுப்புக் குழாயைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார். இதை இப்படியே கொண்டுபோனால் என் செட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள், இதைக் கொடு, காலையில் பஸ் ஸ்டாண்டில் தருகிறேன் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். முதலாளி கேட்கும்போது அவள் என்ன செய்வாள்? காலையில் பஸ் ஏறும்போது நெற்றியில் சிலுவை போட்டு, பெட்டியைக் கையில் கொடுத்து, ஜெயிச்சிட்டு வா தாயி என்று வழியனுப்பினாராம். அந்த ஆளுக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாசம் இருக்கிற முட்டாளிடமிருந்துதான் அதிகமாகப் பாதுகாப்புத் தேட வேண்டும்.

மிச்சத்தை ஸ்டெல்லா எனக்குப் போனில் சொன்னதுதான் எழுதுகிறேன். போன இடத்தில் பெட்டியைத் திறந்தாளாம், ஹார்ன் கண்ணைக் கூச வைத்ததாம். மோந்து பார்த்தாளாம், ரசம் வாசனை. ஒன்றும் செய்ய நேரமில்லை. வெளியே நின்று ரெண்டு சுரம் ஊதிப் பார்த்தாள், வந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் அதிகாரிகள், ஒரு ஓரத்தில் பேண்டுக்காரர்கள். பாட்டை ஆரம்பித்தாள். நடுவிலிருந்து ஏறுகிற இடத்தில், சரியாக அந்த இடத்தில், ஹார்ன் கொரகொர என்று அடைத்துக்கொண்டது.

அங்கேதான் யாராக இருந்தாலும் உடைந்துபோவார்கள். இன்னும் பலமாக ஊதியிருப்பார்கள். இல்லையென்றால் அழுதிருப்பார்கள். மூச்சு பத்தவில்லை என்று இத்தனை வருஷம் கேட்ட காதுக்கு, அந்த ஒரு சத்தம் போதும். அவள் வாத்தியத்தை நாற்காலியில் வைத்தாளாம். வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாளாம்.

“எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

“தெரியல பாய். கை சும்மா இருக்காது. கட்டலன்னா திரும்ப எடுத்து ஊதிரும்ல.”

கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறாள். பைப்பைப் பார்த்திருக்கிறாள், வளைவைப் பார்த்திருக்கிறாள். உதட்டைப் பற்றி யோசிக்கவில்லை, மூச்சைப் பற்றி யோசிக்கவில்லை. பிறகு மேசையைப் பார்த்து, ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிவிட்டு, வளைவைக் கழற்றி, ஹார்னைத் திருப்பி, மறுபக்கமிருந்து ஒரே ஊது. ஈரமாக, கறுப்பாக, நீளமாக ஒன்று பைப் வாயிலிருந்து வந்து பளிங்குத் தரையில் விழுந்தது.

மேசையில் நடுவில் இருந்தவர் எட்டிப் பார்த்தாராம். “என்னம்மா அது?”

“புளி சார். நாரு.”

“ஹார்னுக்குள்ள எப்படி வந்துச்சு?”

“எங்க மாஸ்டரோட ஆசீர்வாதம் சார்.”

பேண்டுக்காரர்கள் இருந்த ஓரத்திலிருந்துதான் முதலில் சிரிப்பு வந்ததாம். அவர்களுக்கும் ஊரில் ஒரு மாஸ்டர் இருந்திருப்பார். முதலிலிருந்து ஊது என்றார்கள். ஊதினாள். பஸ் பிடிக்க ஓடாமல் ஏறினேன் பாய், உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிருங்க என்றாள். சொன்னேன். வீட்டுக்காரி, அல்ஹம்துலில்லாஹ், அந்தப் புள்ள இனி நல்லா இருக்கும் என்றாள். அவள் வாயிலிருந்து வந்த மாதிரியே ஆர்டர் வந்தது. ஸ்டெல்லா இப்போது சீருடை போட்டு, அவர்கள் கொடுத்த புது ஹார்னில் ஊதுகிறாள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இப்படிக் கரித்துக்கொட்ட வேண்டியதில்லை.

அவள் வேலைக்குப் போனதும் பழைய ஹார்ன் பெட்டியோடு மாஸ்டரிடம் திரும்பிவிட்டது. அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார், பாய் போட்ட பைப்பாலதான் வேலை கிடைச்சுது என்று. அவ்வளவுதான். அன்னவாசலிலிருந்து ஒருவர் வந்தார், எனக்கும் அதே பைப் வேணும். கட்டுமாவடியிலிருந்து டிரம்பெட்டோடு ஒருவர் வந்தார், இதுக்கும் அந்த ஹார்ன் பைப்ப மாட்டுங்க. பிள்ளைக்குப் பரீட்சை, வாத்தியம் ஏதும் கிடையாது, இருந்தாலும் அந்தப் பைப்பில் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டு ஒருவர் வராததுதான் மிச்சம். அவள் வருஷக்கணக்காக உட்கார்ந்து ஊதியதை ஒருவரும் கேட்கவில்லை. பிளந்து வைத்திருந்த பழைய பைப்பை எடுத்துக் காட்டி, உங்கள் வாத்தியத்தில் புளி ஊற்றாதீர்கள் என்றேன். சரி பாய், சரி பாய் என்றார்கள்.

ஒரு நாள் மாஸ்டரே வந்தார், ஹார்னோடு. பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த அண்ணன் பைப்பை வெளியே எடுத்தார். முகமெல்லாம் பல்.

“பாய், உள்ள பாருங்க, தங்கம் மாதிரி ஒண்ணு சும்மா கெடக்கு. அந்தக் கறுப்புக் குழாயக் கழட்டிட்டு இத மாட்டிருங்க. தேர் வருது. டிரோன்காரன்கிட்ட சொல்லிட்டேன்.”

நான் கையைப் பின்னால் கட்டவில்லை. நேராக நீட்டி, அந்தப் பைப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். இது ஸ்டெல்லாவுடைய அண்ணன் சம்பாத்தியம், அவங்க வீட்டில் சேர்க்கணும் என்றேன். ஹார்ன் உங்களுது, அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் நான் வேலையை விட்டாச்சு என்றேன்.

“எப்பருந்து?” என்றார்.

“இப்பருந்து” என்றேன்.

என் ஓய்வு இப்படித்தான் வந்தது. சங்கத்தில் சால்வை போட்டுப் பேசியவர்கள் என் உடல்நிலையைக் காரணம் சொன்னார்கள். என் உடல் நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாள் பஸ் ஏறி, அந்தப் பைப்பைக் கந்தர்வக்கோட்டையில் அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். முந்திரிப் பால் பட்டுக் கறுத்த கையை முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.

அந்த ஹார்ன் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள். போன திருவிழாவில் பார்த்தேன். வாயிலும் பளபளப்பான பைப். எங்கிருந்தோ ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார்கள். மேலே டிரோன் சுற்றிக்கொண்டிருந்தது. ஊதிய பையனுக்கு நடுவிலிருந்து ஏறுகிற இடத்தில் சறுக்கியது. அவனுக்கு மூச்சு பத்தவில்லை என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார்.

பைப்பை மாற்றிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். வளையம் போட்ட விதத்திலேயே கை தெரிந்துவிட்டது. பேர் எழுதவில்லை. இந்த மலரில் அவருக்கும் ஒரு பிரதி போகும்.